ஹார்மோன் மாத்திரை ஆரம்பிக்கலாமா, வேண்டாமா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒருவழியாக மூச்சு விடும் நேரத்தில், கையில் மாத்திரை அட்டையைக் கொடுத்து "தினமும் ஒன்று, அஞ்சு வருஷம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்தால் கர்ப்பப்பைப் புற்று, ரத்தக் கட்டி, எலும்புத் தேய்வு என்று போய்க்கொண்டே இருக்கிறது. எத்தனையோ பேர் அன்றைக்கே பெட்டியை மூடி அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள், அடுத்த அப்பாய்ன்மெண்டில் டாக்டர் கேட்டால் "சாப்பிடுறேன் டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. தோட்டத்து ஆபீஸில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவள், அதனால் சின்ன எழுத்தில் இருப்பதையும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் உண்டு. முதலில் டமாக்சிஃபென் சாப்பிட்டேன், மாதவிடாய் நின்ற பிறகு லெட்ரோசோலுக்கு மாற்றினார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பெண்கள் என்னிடம் கேட்டவை, கேட்கத் தயங்கியவை எல்லாம் கீழே இருக்கின்றன. உங்கள் உடம்புக்கு எது சரி என்ற முடிவை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை என்றால் உடம்புக்குள் ஹார்மோன் ஏற்றுவார்களா?

இல்லை, நேர் எதிர். மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்பவை. டமாக்சிஃபென் அந்த ஹார்மோன் மார்பக உயிரணுவில் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் வேறு வழி: மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டிருக்கும், அதையே நிறுத்திவிடும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்புச் சூட்டுக்காக சில பெண்களுக்கு ஹார்மோனே கொடுப்பார்கள், அது தனி விஷயம். பக்கத்து வீட்டு அக்கா "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாத்தான் கேன்சரே வரும்" என்று சொன்னால் அவர் சொல்வது அந்த மாத்திரையைப் பற்றி. பெயர் ஒன்று போல இருப்பதால் வரும் குழப்பம், அவரிடம் சண்டை போட வேண்டாம்.

எனக்கு இது வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட் ஒன்று இருக்கும். அதில் ஈஆர், பிஆர் என்று இரண்டு வரிகள் இருக்கும், கட்டியில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் ஒட்டும் இடம் இருக்கிறதா என்று சொல்பவை. ஈஆர் பாசிட்டிவ் என்றால் இந்த மாத்திரைக்கு வேலை உண்டு. இரண்டும் நெகட்டிவ் என்றால் இல்லை. பக்கத்தில் எத்தனை விழுக்காடு என்றும் போட்டிருப்பார்கள். 1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே பாசிட்டிவ் என்றுதான் எழுதுவார்கள், ஆனால் 1 முதல் 10 வரை இருப்பவர்களுக்குப் பலன் எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவு இல்லை, 90 என்று இருப்பவர்களுக்கு மிகத் தெளிவு. அந்த ரிப்போர்ட்டின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு 5 வருடம்?

இந்தக் கேள்வியில்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். உடம்பில் ஒன்றும் வலிக்கவில்லை, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, பிறகு நல்லா இருக்கிற உடம்பை எதற்குக் கெடுத்துக்கொள்வது என்று தோன்றுவது நியாயம்தான்.

ஆனால் ஈஆர் பாசிட்டிவ் வகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அவசரப்படாது. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத உயிரணுக்கள் எலும்பிலோ நுரையீரலிலோ வருடக்கணக்காகச் சும்மா கிடந்து பிறகு எழும். 2017-இல் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. 5 வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு முடித்தவர்களுக்குக்கூட 20-ஆம் வருடம் வரை உடம்பின் வேறு இடத்தில் நோய் திரும்பும் அபாயம் ஒரே சீராகத் தொடர்ந்தது. கட்டி சின்னதாகவும் அக்குளில் நெறிகட்டியில் பரவாமலும் இருந்தவர்களுக்கு அது குறைவு, நான்கு அல்லது அதற்கு மேல் நெறிகட்டிகளில் பரவியிருந்தவர்களுக்கு அதிகம். சிலருக்கு மட்டும் 10 வருடம் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

சரி, பலன் எவ்வளவு? "ரொம்ப நல்லது" என்று சொன்னால் போதுமா?

போதாது. எண் கேளுங்கள்.

டமாக்சிஃபென் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஈஆர் பாசிட்டிவ் பெண்களில் மாத்திரை சாப்பிடாதவர்களில் 15 வருடத்துக்குள் 100-க்கு 46 பேருக்கு நோய் திரும்பியது. 5 வருடம் சாப்பிட்டவர்களில் 33 பேருக்கு. மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 100-க்கு 33 என்பதிலிருந்து 24 ஆகக் குறைந்தார்கள். நான்கில் ஒரு பங்குக்கும் மேல் மரணம் குறைவது புற்றுநோய் மருத்துவத்தில் சாதாரண விஷயம் இல்லை.

அதே எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். 54 பேருக்கு மாத்திரை இல்லாமலே நோய் திரும்பியிருக்காது. 33 பேருக்குச் சாப்பிட்டும் திரும்பியது. நடுவில் இருக்கும் 13 பேருக்குத்தான் மாத்திரை காவல் நின்றது, அந்த 13 பேரில் நாம் இருக்கிறோமா என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இதை டாக்டர்கள் இப்படி உடைத்துச் சொல்வது குறைவு, நேரமும் இல்லை. ஆனால் இது தெரிந்தால்தான் முடிவு உங்களுடையதாக இருக்கும்.

இது பல விதமான பெண்களின் சராசரி. உங்களுடைய எண் வேறு. கட்டியின் அளவு, தரம் (எவ்வளவு வேகமாக வளரும் வகை என்பது), நெறிகட்டி, வயது எல்லாவற்றையும் போட்டால் உங்களைப் போன்ற 100 பேரில் மாத்திரையால் கூடுதலாக எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டும் பிரெடிக்ட் என்ற இலவசக் கருவி இணையத்தில் இருக்கிறது, பிரிட்டனில் உருவாக்கியது. டாக்டரிடம் "என் ரிப்போர்ட்டைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். ஒருத்திக்கு 100-க்கு 1 என்று வரும், இன்னொருத்திக்கு 100-க்கு 9 என்று வரும். இரண்டு பேரும் ஒரே முடிவு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இது நம்மளை வைத்து டெஸ்ட் பண்ணுகிற புது மருந்தா?

டமாக்சிஃபென் 1962-இல் பிரிட்டனில் கருத்தடை மருந்துக்கான ஆராய்ச்சியில் உருவானது. கருத்தடைக்கு உதவவில்லை. 1973-இல் அங்கே மார்பகப் புற்றுக்கு அனுமதி, 1977-இல் அமெரிக்காவில். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம்மில் பலரை விட வயதில் மூத்த மாத்திரை.

அந்தத் தாளில் இருக்கும் எல்லாம் எனக்கு வருமா?

வராது. அந்தத் தாள் யாருக்காவது எப்போதாவது வந்ததையெல்லாம் எழுதி வைத்திருப்பது. எது அடிக்கடி, எது அபூர்வம் என்று பிரித்துப் படிக்க வேண்டும்.

டமாக்சிஃபெனில் அடிக்கடி வருவது திடீர்ச் சூடு. கழுத்திலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும், இரவில் சட்டை நனைந்துவிடும். அடுத்தது மாதவிடாய் தாறுமாறாவது, வெள்ளைப்படுதல், சிலருக்குக் கால் குரக்கு, மனச் சோர்வு. இந்தச் சூட்டைப் பற்றி ஒரு விஷயம். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பாதிப் பேருக்கு டமாக்சிஃபெனும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. தாங்க முடியாத சூடு என்று சொன்னவர்கள் டமாக்சிஃபென் பக்கம் 100-க்கு 46, போலி மாத்திரை பக்கம் 29. ஆக அந்த 46-இல் 29 பேருக்கு வயதாலும் வேறு காரணத்தாலும் எப்படியும் வந்திருக்கும். மருந்தால் வந்தது மீதி 17. அது சின்ன எண் இல்லை, ஆனால் எல்லாருக்கும் என்பதும் இல்லை.

பலருக்கு முதல் சில மாதம்தான் மோசம், பிறகு தணியும். தணியாவிட்டால் வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு, கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையைக் காலையில் சாப்பிடுவதா இரவிலா என்று மாற்றிப் பார்க்கலாம், எந்த நேரமானாலும் மருந்துக்குக் கவலை இல்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

கர்ப்பப்பையில் புற்று வரும் என்கிறார்களே, ஒன்றை விரட்டி இன்னொன்றைக் கூப்பிடுவதா?

பயப்பட வேண்டிய கேள்விதான், மழுப்பவில்லை. டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கர்ப்பப்பையின் உள்சுவரில் லேசாக ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். 2012-இல் 5 வருடம் சாப்பிட்டவர்களையும் 10 வருடம் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். அடுத்த பத்து வருடத்தில் கர்ப்பப்பைப் புற்று வந்தவர்கள் முதல் பக்கம் 1.6 விழுக்காடு, தொடர்ந்தவர்கள் பக்கம் 3.1 விழுக்காடு. அதனால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடும் 0.4 விழுக்காடும். அதே ஆய்வில் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்று மரணம் 15-இலிருந்து 12.2 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த அபாயம் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்களுக்கு. நிற்காதவர்களுக்கு மிகக் குறைவு. கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு இல்லவே இல்லை. இதில் ஒரு நல்ல விஷயம், இந்தப் புற்று பெரும்பாலும் ரத்தப்போக்கு என்று ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வெறும் கறையாக இருந்தாலும், அடுத்த அப்பாய்ன்மெண்ட் வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

ரத்தக் கட்டி?

டமாக்சிஃபெனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடும். ஆரம்ப வாய்ப்பே குறைவு என்பதால் பலருக்கு இது வராது, ஆனால் ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், குடும்பத்தில் அப்படி இருந்தவர்கள், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், தைலம் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

லெட்ரோசோல் சாப்பிட்டால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

பிடித்துக்கொள்ளும், எனக்கும் பிடித்தது. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வரை மூட்டு வலி சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, சட்டியைப் பிடித்தால் நழுவும், கொஞ்ச நேரம் நடமாடினால் இளகும். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை. நாள் முழுக்கக் குந்தி எழுந்து குந்தி எழுந்து வேலை, சாக்கை இழுக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்கு இருந்த வலியும் அவர்களுக்கு இருக்கும் வலியும் ஒன்றில்லை, அதனால் "நான் தாங்கினேன், நீங்களும் தாங்குங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செய்யக்கூடியவை உண்டு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் உடற்பயிற்சிதான் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. வாரத்தில் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சியும் 150 நிமிட வேக நடையும் செய்த பெண்களுக்கு வலி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உதிரிப் பழம் பொறுக்குவதை இதில் சேர்க்க முடியாது, அது ஒரே தசையைத் தேய்க்கிற வேலை. அப்புறம், ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சில வாரம் நிறுத்திவிட்டு அதே வகையில் இன்னொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். லெட்ரோசோலில் படாதபாடு பட்டவர் எக்ஸிமெஸ்டேனில் நிம்மதியாக இருப்பதுண்டு. அதுவும் முடியாவிட்டால் டமாக்சிஃபெனுக்கே போகலாம்.

எலும்பு மெலிவது வலிக்காமல் நடக்கும், அதனால் தொடங்கும்போது ஒரு முறையும் பிறகு அவ்வப்போதும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் கேளுங்கள். நெத்திலி, கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான், ஆனால் வைட்டமின் டி குறைவா என்று பார்த்துத் தேவைப்பட்டால் மாத்திரையே எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு டமாக்சிஃபென் எலும்பைக் கெடுப்பதில்லை, கொஞ்சம் காக்கவே செய்யும்.

கீமோவில் எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. அப்படியானால் லெட்ரோசோல் சாப்பிடலாமா?

அவசரப்படாதீர்கள். கீமோவால் நின்றது நின்றதாகாது, நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் கழித்துக்கூடத் திரும்ப வரும். சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது லெட்ரோசோல் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் பயன் இல்லை, சினைப்பையை அது தூண்டியும் விடலாம். இளம் வயதில், நோய் திரும்பும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு சினைப்பையை உறங்க வைக்கும் கோசெரலின் ஊசியை 28 நாளுக்கு ஒரு முறை வயிற்றில் போட்டு, கூடவே இந்த மாத்திரையையும் கொடுப்பார்கள். பலன் கூடும், பக்க விளைவும் கூடும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது... வீட்டுக்காரரோடு இருக்க முடியவில்லை.

கூச்சப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துவதைவிட இதைப் பேசிவிடுவது நல்லது. வறட்சியும் வலியும் இரண்டு வகை மாத்திரையிலும் வரும், லெட்ரோசோல் வகையில் அதிகம். ஃபார்மசியில் தண்ணீர் கலந்த வழவழப்பு ஜெல் கிடைக்கும், தினசரி வறட்சிக்குத் தனியாக ஈரப்பத ஜெல்லும் உண்டு. தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் ஆணுறையைக் கிழித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம். ஆண் டாக்டரிடம் சொல்ல முடியாவிட்டால் நர்ஸிடம் சொல்லுங்கள், அவர் டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். ஆசையே போய்விட்டது என்றால் அதற்கு ஜெல் உதவாது, அதை வீட்டுக்காரரிடமும் மறைக்க வேண்டாம், மாத்திரையால்தான் என்று தெரிந்தால் பல ஆண்கள் தங்களை வெறுத்துவிட்டதாக நினைத்துக் கோபப்படுவது குறையும்.

மனச் சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன், பிரச்சினையா?

எது என்பதைப் பொறுத்தது. பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின், புப்ரோபியான் மூன்றும் கல்லீரலில் டமாக்சிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியைத் தடுக்கும். வென்லாஃபாக்சின் பெரிய தொந்தரவு செய்வதில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முள்சீத்தா இலை, மஞ்சள், கச்சிப் பாத்திமா? இதெல்லாம் சாப்பிட்டால் மாத்திரை தேவையில்லை என்கிறார்களே.

முள்சீத்தா இலைக் கஷாயம் நோய் திரும்புவதைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு கப் குடித்தால் ஒன்றும் ஆகாது, அதை நம்பி மாத்திரையை விட்டவர்களைப் பற்றித்தான் கவலை.

கச்சிப் பாத்திமா பெண்களின் உடம்பைத் தேற்ற மலாய்க்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் மூலிகை, இப்போது பாக்கெட் காப்பியிலும் வருகிறது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் மாதிரிக் குணம் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியமும் அதே சந்தேகப் பட்டியலில். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க ஒரு மாத்திரையும் அதைப் போல நடந்துகொள்ளும் ஒரு காப்பியும் ஒரே நாளில் எதற்கு? சமையலுக்குப் போடும் மஞ்சளுக்குப் பயமில்லை. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை டமாக்சிஃபெனின் அளவை ரத்தத்தில் குறைப்பதாக ஒரு டச்சு ஆய்வு காட்டியது, அதை விட்டுவிடுங்கள். சோயா பால், தவ்வு (டோஃபு) எல்லாம் சாப்பாட்டு அளவில் சாப்பிடலாம், சோயா சத்து மாத்திரைதான் வேண்டாம்.

இன்னும் குழந்தை பெறவில்லை. 5 வருடம் காத்திருந்தால் வயது போய்விடுமே?

டமாக்சிஃபென் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஆபத்து. மாதவிடாய் வராவிட்டாலும் கரு தங்கலாம், அதனால் ஆணுறையோ தாமிர வளையமோ வேண்டும், கருத்தடை மாத்திரை கூடாது. காத்திருப்பு விஷயத்தில் 2023-இல் நல்ல செய்தி வந்தது. 42 வயது வரையுள்ள 500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் வரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு, பிள்ளைப்பேற்றுக்காக இரண்டு வருடம் வரை நிறுத்தினார்கள். சில வருடம் வரை பார்த்ததில், நிறுத்தாதவர்களைவிட அவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பவில்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது. எப்போது நிறுத்துவது, மருந்து உடம்பைவிட்டு வெளியேற எத்தனை மாதம் காத்திருப்பது என்பதை டாக்டரோடு முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு?

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), மாத்திரை அதிலேயே வந்துவிடும். பாதி நாள் போவது மாத்திரைக்காக ஈப்போ வரை பஸ் ஏறுவதில்தான். ஃபார்மசி கவுண்டரில் எஸ்பியுபி என்று கேளுங்கள், அடுத்த மாதங்களுக்கான மருந்தைப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள், தபாலில் அனுப்பும் வழியும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்காக மொத்தம் 1,000 வெள்ளியும் தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் கிடைக்கும், மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

வேண்டாம் என்றால் டாக்டர் திட்டுவாரா?

ஒருவர் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்கைக் காட்டினார். இரண்டு வகையும் உண்டு. மலாயில் பேச்சு ஓடும்போது பாதி புரியாமல் "யா, யா" என்று வந்துவிடுகிறவர்கள் பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகாமல், வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். சின்னப் பிள்ளை அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிப் போங்கள்.

ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தவே கூடாதா?

நிறுத்தலாம். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். கையெழுத்துப் போட்டு ஐந்து வருடத்துக்கு அடிமையாவது மாதிரி பயப்படுகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்தால் திரும்ப வைக்க முடியாது, மார்பகமும் அப்படித்தான். மாத்திரையை நாளைக்கே நிறுத்தலாம், டமாக்சிஃபென் உடம்பைவிட்டுப் போகச் சில வாரமாகும், அவ்வளவுதான். பெரும்பாலான பக்க விளைவுகள் அதோடு போய்விடும். நோய் திரும்பி எலும்புக்குப் போனால் அதை மருந்தால் கட்டுப்படுத்த முடியும், முழுதாகத் துடைத்தெடுக்க முடியாது.

அதனால் உங்கள் எண் கணிசமாக இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது என்றால், என் யோசனை: ஐந்து வருடத்துக்கு முடிவெடுக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு எடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தூக்கம், வலி, சூடு, வேலைக்குப் போக முடிந்ததா என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். தொடங்குவதற்கு முந்திய வாரமும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே இருந்த முதுகு வலியும் மாத்திரை தலையில் விழும். மூன்று மாதம் கழித்து அந்தப் புத்தகத்தோடு டாக்டரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும், "முடியல டாக்டர்" என்பதைவிட "வாரத்தில் நாலு நாள் விரல் மடங்கவில்லை, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை" என்பதை யாரும் ஒதுக்க முடியாது.

எல்லாம் கேட்டும் எனக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது.

எண்ணைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்றால் அது முட்டாள்தனம் இல்லை. சின்னக் கட்டி, குறைந்த தரம், நெறிகட்டி சுத்தம், வயது எழுபதுக்கு மேல், கூடவே இதயக் கோளாறும் இனிப்புநீரும் (சர்க்கரை நோயும்) இருப்பவருக்குக் கிடைக்கும் பலன் 100-க்கு ஒன்றாக இருக்கலாம், அதற்காகத் தினமும் நடக்க முடியாமல் கிடக்க வேண்டியதில்லை. நாற்பது வயதில் நெறிகட்டி நான்கில் பரவிய பெண் வேண்டாம் என்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை பேசிப் பார்ப்பேன். முடிவு அவருடையதுதான். எப்படியானாலும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், சாப்பிடுவதாக நினைத்து அவர் வேறு முடிவு எடுப்பது ஆபத்து. வருடாந்தர மேமோகிராமை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்? தைப்பூச விரதத்தில் சாப்பிடலாமா?

அன்றைக்கே ஞாபகம் வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம் போல ஒன்று மட்டும், இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனாஸ்ட்ரசோல் மூன்றையும் விரதத்தில் தண்ணீரோடு தாராளமாகச் சாப்பிடலாம், சோற்றோடுதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; எக்ஸிமெஸ்டேனை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். பத்துமலைக்கோ கல்லுமலைக்கோ போகும்போது அட்டையைக் கைப்பையில் வையுங்கள், காரில் வெயிலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.